டிரெஸர் வண்டியின் கிளச்சும் பாக்கியத்தின் மூக்கும்

“யாருங்க இங்க நல்லெண்ணெயைக் கருக்குறது?”

சோற்றுத் தூக்கைக் கீழே வைப்பதற்கு முன்பே என் பெண்டாட்டி பாக்கியம் கேட்ட கேள்வி இது. மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் என் மோட்டார் சைக்கிள் பட்டறை. உச்சி வெயில், தகரக் கூரை, உடம்பெல்லாம் வேர்வை. நான் டிரெஸர் மாசிலாமணியின் வண்டியில் உட்கார்ந்து, கியரைப் போட்டு, கிளச்சு லீவரை மெல்ல விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இஞ்சின் ஊரையே கூட்டுகிற மாதிரி அலறியது. வண்டி மட்டும் கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்தது.

“பக்கத்துல ராவுத்தர் வடை போடுறாரு. உனக்கென்ன? சோத்தை வச்சிட்டுப் போ” என்றேன்.

“ராவுத்தர் கடையில தேங்காண்ணெய்ங்க. நல்லெண்ணெயில யாராச்சும் வடை போடுவாங்களா?” என்றாள் அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு அடி வந்தாள். இன்னொரு அடி வந்தாள். கடைசியில் குனிந்து, என் காலுக்குப் பக்கத்தில் இருந்த கிளச்சு மூடியிடம் முகத்தைக் கொண்டுபோனாள். “இங்கேருந்துதான் வருது” என்றாள்.

இந்தத் தொடரில் இதுவரை நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததை மட்டுமே எழுதி வந்திருக்கிறேன். போன வாரம் ஆற்றில் விழுந்த வண்டியை ஒற்றை ஆளாக எடுத்து ஓட்டிய கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகர் என்னைச் சூரப்புலி என்று எழுதியிருந்தார். படித்ததும் வெட்கமாகிவிட்டது. இந்த வாரம் புலி இல்லை, வேறு ஒரு பிராணிதான். பொறாமை பிடித்த பிராணி.

மூன்று திங்கட்கிழமைகள்

டிரெஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்காரர். கிள்ளான் ரோட்டில், சுங்கை வே ஊர் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் மாசிலாமணிக்கு வேலை. டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, பிரசவத்துக்கு ஓட்டம், எல்லாம் இவர்தான். நாற்பது வயதாகியும் கல்யாணம் கட்டாதவர். தோட்டம் நாலு பிரிவாகச் சிதறிக் கிடந்ததால் பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். அதுதான் அவருக்குப் பெண்டாட்டி, பிள்ளை எல்லாம்.

கிளச்சைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இஞ்சினையும் சக்கரத்தையும் சேர்க்கவும் பிரிக்கவும் இருப்பது அது. தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். தட்டுகளில் தக்கை பதித்திருக்கும். ஸ்பிரிங் அழுத்தினால் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், வண்டி ஓடும். லீவரைப் பிடித்தால் கம்பி இழுக்கும், தட்டுகள் விலகும், இஞ்சின் தனியாகச் சுற்றும். இவ்வளவுதான் சங்கதி.

அந்த வண்டிக்குத் தட்டு வழுக்கியது. மேட்டில் ஏறும்போது இஞ்சின் கத்தும், வண்டி நின்றுவிடும். முதல் திங்கட்கிழமை வந்தபோது கம்பியைப் பார்த்தேன். லீவரில் கொஞ்சமாவது தளர்ச்சி இருக்கவேண்டும். கம்பி விறைப்பாக இருந்தால் தட்டு முழுசாகக் கவ்வாது. தளர்த்திக் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை மறுபடி தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, தட்டுகளைப் பெட்ரோலில் துடைத்து, ஸ்பிரிங்கை முறுக்கி அனுப்பினேன்.

மூன்றாவது தடவை தக்கையையே மாற்றினேன். அதற்குத் தக்கை எங்கே கிடைத்தது தெரியுமா? அவர் ஆஸ்பத்திரி மருந்து பாட்டில் மூடிகள்தான். ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். வெந்நீரில் ஊறவைத்து, ஓட்டையில் திணித்து, மேலே வந்ததைச் சீவி, அரத்தால் சமமாக ராவினேன். முழுசாக இரண்டு நாள் பிடித்த வேலை. வண்டி குதிரையாக ஓடியது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் மறுபடியும் பட்டறை வாசலில் நிற்கிறார்!

“மேஸ்திரி, மேட்டுல தள்ளித் தள்ளி என் மூச்சே போகுது. கிள்ளான்ல புதுசா ஒரு பட்டறை வந்திருக்காம். கொண்டுபோய்க் காட்டட்டுமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

சுருக்கென்றது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் கிடைக்காத கோளாறு. பாக்கியம் தூக்கோடு வந்தது அந்த மத்தியானத்தில்தான்.

எண்ணெய்க் கடைக்காரர் மகள்

பாக்கியத்தின் அப்பா கிள்ளானில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர். பாவாடை கட்டிய வயதிலிருந்தே அவளுக்கு எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவில்தான் விளையாட்டு. கண்ணைக் கட்டிவிட்டால்கூட இது புது எண்ணெய், இது சிக்குப் பிடித்தது, இதில் கடலை எண்ணெய் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு என் தலையில் தடவியிருந்த வாசனைத் தைலம் போலிச் சரக்கு என்று உள்ளே போய்ச் சொன்னாளாம். கல்யாணத்துக்குப் பிறகு அவளே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது அந்த மூக்கு எனக்குச் செல்லமாகத்தான் இருந்தது.

மூடியைக் கழற்றினேன். புதுத் தக்கையெல்லாம் மஞ்சளாகப் பிசின் பூசிய மாதிரி பளபளத்தது. விரலால் தொட்டு மோந்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நல்லெண்ணெயேதான்!

“டிரெஸரய்யா, வண்டிக்கு என்ன பண்றீங்க நீங்க?” என்று ஸ்டூலில் காத்திருந்தவரைக் கேட்டேன்.

அவர் முகம் சிவந்துபோய்விட்டது. “ஒண்ணும் தப்பாப் பண்ணலையே. சனிக்கிழமை சனிக்கிழமை நான் எண்ணெய் தேச்சுக் குளிப்பேன். வண்டியும் வாரம் பூரா வெயில்ல ஓடிச் சூடேறிக் கிடக்குதே. அதுக்கும் தலையிலேருந்து நல்லாத் தேச்சு, ஊறவச்சு, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி விடுறேன். எனக்கு மிளகு போட்டுக் காய்ச்சுவேன். அதுக்கு மிளகு போடுறதில்ல.”

ராவுத்தர் வடைக் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். அவர் சிரித்த சிரிப்பில் ரயில்வே ஆள்கள் இரண்டு பேர் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் தன் வண்டிக்குச் சூடு தணிய எண்ணெய்க் குளியல் போட்டிருக்கிறார்! மூடி இடுக்கு வழியாக எண்ணெய் உள்ளே இறங்கித் தட்டை வழுக்கவைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை எடுப்பதில்லை. திங்கட்கிழமை மேட்டில் வந்ததும் வேலையைக் காட்டிவிடும்.

“அம்மா, மூணு வாரமா மேஸ்திரி கண்டுபிடிக்காததை நீங்க மோந்தே கண்டுபிடிச்சிட்டீங்க. கும்பிடு போட்டுடலாம் உங்களுக்கு” என்றார் டிரெஸர், கையைக் கூப்பியபடி.

பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

“பினி மானா?”

பொறாமை எனக்கு இரத்தத்திலேயே உண்டு. சின்ன வயதில் அண்ணனுக்குப் புதுச் சிலேட்டு வாங்கினார்கள் என்று அதை ஒளித்துவைத்தவன் நான். ஆனால் கட்டின பெண்டாட்டிமேல் பொறாமை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் அழகுமேல் வந்திருந்தால்கூட அதற்கு ஒரு மரியாதை உண்டு. எனக்கு அவள் மூக்குமேல் வந்தது.

ராவுத்தர் கடையில் டீ குடித்தவன் எல்லாம் இந்தக் கதையை வாயில் போட்டு மென்றான். கொஞ்ச நாளிலேயே பட்டறைக்கு வருகிறவர்கள் காலையில் வருவதை விட்டுவிட்டு, சோற்று நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள். “என்னண்ணே கோளாறு?” என்றால், “இருங்க மேஸ்திரி, அக்கா வரட்டும்” என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவார்கள். நான் கையில் ஸ்பானரோடு நிற்பேன். என் பட்டறை, என் ஸ்பானர், என் பத்து வருசத் தொழில்! அக்கா வரட்டுமாம்.

சீன லோரிக்காரன் ஒருவன் இருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் முதல் கேள்வியே “பினி மானா?” என்பதுதான். பெண்டாட்டி எங்கே என்று மலாய் பாஷையில் கேட்கிறான். வேறு ஊராக இருந்தால் அடிதடியாகியிருக்கும்.

அவள் பாவம், எதையும் பெரிதுபடுத்தவில்லை. கேட்டால் மோந்து பார்த்து, பட்டதைச் சொல்லிவிட்டுப் போவாள். பெட்ரோல் ஒழுகுது, ரப்பர் கருகுது, அவ்வளவுதான். சொன்னது சரியாகவே இருந்துதொலையும். தப்பாக ஒருநாள் சொல்லமாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன். சத்தியமாக ஏங்கியிருக்கிறேன்.

ஒருநாள் ராத்திரிச் சோறு தின்னும்போது, “இனிமே பட்டறைக்குச் சோறு கொண்டுவர வேணாம். நான் வீட்டுக்கே வந்து சாப்பிட்டுக்கறேன்” என்றேன்.

“ஏங்க? நடக்க எனக்கொண்ணும் கஷ்டமில்லையே.”

“ஆம்பளைங்க நாலு பேர் வந்துபோற இடம். நல்லா இல்ல.”

அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். “சரிங்க” என்றாள். காரணம் அதில்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில்

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை மூடியிருந்த நாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்காத டிரெஸர், அன்றைக்கு நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். எண்ணெய்க் குளியலை நிறுத்திவிட்டார், வழுக்கல் போய்விட்டது. இப்போது நேர்மாறான வியாதி. லீவரை முழுசாகப் பிடித்தாலும் தட்டு விலகவில்லை. நின்றால் வண்டி முன்னாடி நகர்ந்துகொண்டே இருக்கிறது. கியர் மாற்றினால் கடகடவென்று சத்தம்.

“நீங்க பாத்துட்டு இருங்க. நான் ராவுத்தர் கடையில ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்” என்று போனார்.

கோளாறு என்ன என்று லீவரைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. கம்பி தொய்ந்திருந்தது. பாதி தூரம் லீவர் சும்மா வந்தது, மீதி தூரத்தில்தான் இழுத்தது. திருகைத் திருகித் தொய்வை எடுத்தேன். தட்டு விலகியது. கால் மணி நேர வேலை. பாக்கியம் இல்லாமல் நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று மனசுக்குள் குதித்தேன்.

லீவரை இரண்டு மூன்று முறை இழுத்து விட்டேன். அடுப்படியிலிருந்து அவள் வாசற்படிக்கு வந்தாள்.

“ஏங்க, அந்தக் கம்பி உள்ளே பிரியுது போல. இழுக்கும்போது நறநறங்குது பாருங்க. எங்க வீட்டுக் கிணத்துக் கயிறு அறுந்துபோறதுக்கு முந்தி இப்படித்தான் உள்புரி ஒவ்வொண்ணாப் போகும். மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும்.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “இது எண்ணெயா மோந்து சொல்ல? கம்பியைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? உள்ளே போ!”

போய்விட்டாள்.

இத்தனை வருசம் கழித்துத் தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். கம்பி தொய்ந்திருந்தால் தொய்வை எடுப்பது யாராலும் ஆகும். அது ஏன் தொய்ந்தது என்று கேட்பவன்தான் மேஸ்திரி. தக்கை புதுசு. அப்படியிருக்க, நான் சரியாக வைத்த கம்பி இரண்டே மாதத்தில் எதற்காக நீளவேண்டும்? உறைக்குள் இழை இழையாக அறுந்துகொண்டிருந்தால்தான் நீளும். அவள் சொன்னது அதைத்தான். என் காதிலும் அந்த நறநற விழுந்தது. விழவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிரெஸர் வந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏறி உட்காராமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அம்மா பாத்தாங்களா?”

நான் பார்த்ததாகச் சொல்லியிருக்கலாம். நான் பார்த்தேன், அதுவே போதும் என்று முறைத்திருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். என் வாக்குக்கு அந்த முகத்தில் இடமில்லை. அவள் சரி என்று சொன்னால்தான் ஏறுவார். அப்போது என் வாயில் வந்தது இதுதான்:

“பாத்தா. சரின்னுட்டா.”

“அப்புறமென்ன!” என்று ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே கம்பி அறுந்தது. கிள்ளான் ரோட்டில் ரயில் கேட்டை மூடிக்கொண்டிருந்த நேரம். லீவரைப் பிடித்திருக்கிறார், லீவர் தொளதொளவென்று கையோடு வந்துவிட்டது. வண்டி கியரிலேயே போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தும் நிற்காத பழைய வண்டி அது. கேட்டில் மோதக்கூடாது என்று ஒடித்துத் திருப்பியவர், ரோட்டோரப் பெரிய சாக்கடைக்குள் வண்டியோடு விழுந்தார். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. மறுநாள் சீன லோரிக்காரன்தான் சேதி சொன்னான். அன்று அவன் பினி மானா என்று கேட்கவில்லை.

ஆள் பிழைத்தது பெரிது. ஆனால் அந்தத் தோட்டத்தில் இரண்டு மாதம் ஊசி போடவும் கட்டுப் போடவும் கை இல்லை. காய்ச்சல்காரர்களை மாட்டு வண்டியில் போட்டுக் கிள்ளானுக்குக் கொண்டுபோனார்கள்.

கட்டுப் போட்ட கை

மத்தியானம் வீட்டுக்குப் போக எனக்கு முகமில்லாமல் போய்விட்டது. பட்டறையிலேயே பட்டினி கிடந்தேன். இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பாக்கியம் மறுபடி தூக்கோடு வந்தாள். ‘நான் சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும்.

ஒருநாள் சரியாகச் சோற்று நேரத்தில் டிரெஸர் வந்தார். கை கழுத்தில் தொங்கியது. ராவுத்தர் ஓடிவந்து ஸ்டூல் போட்டார். ரயில்வே ஆள்கள் இருந்தார்கள், லோரிக்காரன் இருந்தான். பாக்கியம் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

அவரிடம் கோபமே இல்லை. அதுதான் கொடுமை. அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னம்மா, உங்களுக்கும் ஒருநாள் சறுக்கிடுச்சே! வண்டியைப் பாத்துட்டு நீங்க சரின்னு சொன்னதா மேஸ்திரி சொன்னாரே. அந்தத் தைரியத்துலதானே நான் ஏறினேன்.”

பாக்கியம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை, ‘நான் பாக்கவேயில்லையே’ என்று சொன்னால் போதும். பட்டறையும் போச்சு, நானும் போனேன். எல்லோரும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமாங்கய்யா” என்றாள். “நான்தான் சரியாக் கவனிக்கல. என்னாலதான் உங்களுக்கு இந்த கதி. மன்னிச்சிடுங்க.”

“சேச்சே, பெரிய வார்த்தையெல்லாம் சொல்லாதீங்கம்மா.”

“பொம்பளை சொன்னாளாம், இவரு ஏறினாராம்! உங்களைத்தான் சொல்லணும் டிரெஸரே” என்றார் ராவுத்தர். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். இந்த வாரம் நான் ஒப்புக்கொண்டது எல்லாவற்றையும் வாசகர்கள் மன்னித்துவிடலாம். அந்தச் சிரிப்பை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

அவள் சோற்றைப் பரிமாறி வைத்தாள். தண்ணீர் மொண்டு வைத்தாள். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பட்டறையில் யாரும் அக்கா வரட்டும் என்று சொல்லவில்லை. காலையிலேயே வந்தார்கள். “நீங்களே பாருங்க மேஸ்திரி, போதும்” என்றார்கள். நான் ஏங்கியது அத்தனையும் எனக்குக் கிடைத்தது. கை எலும்பு சேர்ந்ததும் டிரெஸர் அதே வண்டியில் வந்துபோனார். சாகும்வரை அவள் செய்த தப்பு என்றுதான் நம்பியிருந்தார். நான் திருத்தவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். படிப்பதற்கு அவரும் இல்லை, அவளும் இல்லை.

இதை வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவள் என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்ததும் இல்லை. சமைத்தாள், சிரித்தாள், பிள்ளை பெற்றாள், காய்ச்சலில் கிடந்தபோது என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருசம் என்று நினைக்கிறேன். ஒரு வண்டி, கிளச்சிலிருந்து ஏதோ கருகல் வாசம். மூன்று நாளாக என்னவென்றே பிடிபடவில்லை. பட்டறையில் யாரும் இல்லாத நேரம். பாக்கியம் தூக்கைக் கீழே வைத்தாள். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவளிடம் முதல் தடவையாகக் கெஞ்சிக் கேட்டேன்.

“பாக்கியம், கொஞ்சம் இதை மோந்து பாரேன்.”

அவள் வண்டியைப் பார்க்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஜலதோஷம்ங்க. வாசனையே தெரியல” என்றாள்.

மறுவாரமும் கேட்டேன். அப்போதும் ஜலதோஷம் என்றாள். வீட்டில் மட்டும், மூன்றாவது வீட்டில் பால் அடிப்பிடித்தால் முதலில் குரல் கொடுப்பவள் அவள்தான். பட்டறை வாசலில் கால் வைத்தால் போதும், மூக்கு அடைத்துக்கொள்ளும். முப்பது வருசம் என்னோடு வாழ்ந்தாள். அந்த ஜலதோஷம் கடைசிவரை அவளுக்குச் சரியாகவே இல்லை.